லிட்டருக்கு மூணு ரூபாய் மிச்சம்

பிரகாஷ், தேன்மொழி,

உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் ஒருவன் போனை எடுத்துப் பார்க்கிறான், இன்னொருத்தி "அப்பா, பார்ட்டி லைன்ல இருக்காங்க" என்று எழுந்து போகிறாள். எழுதி வைத்தால் கரண்ட் போன நேரத்திலாவது படிப்பீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என் முழங்கால் எனக்கு ரிட்டையர்மெண்ட் கொடுத்த பிறகு, அறுவடை மெஷின் தொழிலை நீங்கள்தான் பார்க்கிறீர்கள். ஒருவன் மெஷினோடு வயலுக்குப் போகிறான், ஒருத்தி புக்கிங் எடுக்கிறாள். நன்றாகத்தான் செய்கிறீர்கள். குறை சொல்ல எழுதவில்லை. போன வாரம் சாப்பிடும்போது நீங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது, அதனால் எழுதுகிறேன்.

"புதுச்சேரில பிடிச்சா லிட்டருக்கு மூணு ரூபா மிச்சம்" என்றான் பிரகாஷ்.

"வயலுக்கே கொண்டாந்து தர்றேன்னு ஒருத்தர் போன் பண்ணாரு. அதவிடக் கம்மி. டீசல் மாதிரியே ஓடும்ன்றாரு" என்றாள் தேன்மொழி.

டீசல் மாதிரியே. அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் தட்டைத் தள்ளி வைத்தேன். உங்கள் அம்மா குழம்பில் காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

முதலில் இந்த விலை விவகாரத்தை என் அறிவுக்கு எட்டியபடி சொல்லிவிடுகிறேன். டீசலும் மண்ணெண்ணெயும் ஒரே பாறைக்கு அடியிலிருந்துதான் வருகின்றன. அங்கே அவற்றுக்குள் ஏற்றத்தாழ்வு கிடையாது. மேலே வந்த பிறகுதான் இவன் பணக்காரன், இவன் ஏழை என்று பிரிக்கிறார்கள். ஏழை அடுப்பு எரிப்பான் என்று மண்ணெண்ணெய்க்கு விலையைக் குறைத்தார்கள். குறைத்ததும், அடுப்பே இல்லாத பெரிய மனிதர்களுக்கெல்லாம் அதன் மேல் பாசம் வந்துவிட்டது. அதைத் தடுக்க என்ன செய்தார்கள்? நீலச் சாயம் கலந்தார்கள். திருடுகிறவன் நீல நிறத்தைக் கண்டதும் வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடுவான் என்று ஒரு நம்பிக்கை.

பிரகாஷ் ஒருநாள் போனில் காட்டினான்: குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதற்கென்றே ஒரு எண்ணெய் விற்கிறார்களாம். அதுவும் ஏறக்குறைய டீசல்தானாம். வரி கம்மியாம். அதை லாரியில் ஊற்றிவிடக் கூடாது என்று சிவப்புச் சாயம் கலக்கிறார்களாம். படித்தபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. வெள்ளைக்காரனும் நம் ஆள்தான். என்ன, நமக்கு வீட்டைச் சூடாக்கக் காசு செலவில்லை. சித்திரை மாதத்து வெயில் வீட்டுக்கே வந்து இலவசமாகச் செய்து தருகிறது.

புதுச்சேரி கதை உங்களுக்கே தெரியும். அதே ரோடு, அதே வெயில், அதே கம்பெனி டேங்கர். ஒரு பலகையைத் தாண்டினால் விலை இறங்கிவிடும். அந்தப் பக்கத்து அரசாங்கம் வரியைக் குறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நம் விழுப்புரத்துக்காரர்கள் அதை ஒரு புண்ணியத் தலம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். கேனோடு போய் கேனோடு வருகிறார்கள்.

எனக்கு வேலை கொடுத்த முதலாளிக்கு அந்தப் பக்தி கொஞ்சம் அதிகம். பெயர் வேண்டாம். இன்றைக்கும் விழுப்புரத்தில் நடமாடுகிறார், எதிரில் பார்த்தால் நான் வணக்கம் வைக்கிறேன். மெஷின் வாங்குவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வேன் இருந்தது. நான்தான் ஓட்டினேன். ஒரு கல்யாணத்துக்கு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் மண்டபத்துக்கு ஆள் ஏற்ற வேண்டும். வேனில் பெண்ணுக்குத் தாய்மாமன், அவர் குடும்பம், சீர்த்தட்டு. தாய்மாமன் வாடகையில் பேரம் பேசினார். முதலாளி யோசித்துவிட்டு, "சரி, கொறைச்சிக்கிறேன். ஆனா வண்டி புதுச்சேரி போய் டீசல் பிடிச்சிக்கினு கிளியனூர் வழியா திண்டிவனம் போவும்" என்றார்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஒரே நேர்ரோடு. புதுச்சேரி வழி என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான் சொன்னேன்: "மொதலாளி, சுத்திப் போறதுக்கே டீசல் ஆயிடுமே."

"அது புதுச்சேரி டீசல்தானே செலவாவும்? கம்மி வெல டீசல்" என்றார்.

இந்தக் கணக்கை நான் எட்டாவதில் படிக்கவில்லை. ஒன்பதாவதில் இருந்திருக்குமோ என்னவோ.

வேனில் இருந்த ஆண்கள் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. புதுச்சேரி என்றதும் அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சத்துக்கும் டீசலுக்கும் சம்பந்தம் இல்லை. நான் டீசல் பிடித்த நேரத்தில் அவர்கள் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதற்குத் தனியாக நேரம் ஆனது. கிளியனூர் தாண்டும்போது தாய்மாமன் போனில், "தோ வந்துட்டோம், தோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். திண்டிவனம் மண்டபத்தில் நாங்கள் இறங்கியபோது தாலி கட்டி முடித்து, முதல் பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மாலையோடு நின்றிருக்கிறார். அந்த இரண்டு குடும்பமும் இன்னும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி. முதலாளி மட்டும் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார், அந்த டிரிப்பில் டீசல் செலவு மிச்சம் என்று.

அதைச் சிரிப்பாகச் சொல்லலாம். நெல்லு விஷயத்தில் சிரிக்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

வேனை விற்றுவிட்டு முதலாளி செயின் போட்ட அறுவடை மெஷின் ஒன்று வாங்கினார். பழைய மெஷின், கை மாறி வந்தது. நான் வயல் பார்த்து மெஷினை இறக்குவது, டீசல் பார்ப்பது, விவசாயிகளோடு பேசுவது. மெஷினை ஓட்டியவன் பழனி, ஆத்தூர்ப் பக்கத்துப் பையன். பேச்சு கம்மி. பேசினால் மெஷினோடுதான் பேசுவான்.

தை மாதம். காணைப் பக்கம் அஞ்சலை என்று ஒருத்தர். உங்களுக்குத் தெரியும், நாம் உரித்துத் தின்ன மல்லாட்டை மூட்டையோடு நம் வீட்டுக்கு வருவாரே, அவர்தான். அதுவரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் காலம் தள்ளியவர். அந்த வருஷம்தான் முதல் முறையாக இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, தானே பயிர் வைத்திருந்தார். நிலத்துக்காரர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். குத்தகை நெல்லை அறுத்த கையோடு அளந்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த பட்டத்துக்கு வேறு ஆள். நிலத்தைக் கேட்டு ஏற்கெனவே ஒருவர் நிலத்துக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

நெல் நன்றாக விளைந்திருந்தது. கதிர் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தும் இருந்தது. அப்போது பார்த்து, வங்கக்கடலில் காற்றழுத்தம் என்று எல்லார் போனிலும் செய்தி. அன்று சாயங்காலத்துக்குள் மழை. சாய்ந்த நெல்லில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயலிலேயே முளைத்துக்கொள்ளும்.

காலையில் மெஷினை அஞ்சலை வயலில் இறக்கியபோது டேங்கில் அடியில்தான் டீசல் இருந்தது. காணை பங்க்கில் பிடித்துவிடலாம் என்று கேனை வண்டியில் கட்டினேன். கட்டிய கயிறு இறுகுவதற்குள் முதலாளி போன்.

"ஏழுமல, எங்கடா கெளம்பற?"

"பங்க்குக்குங்க. டீசல் தீந்துபோச்சி."

"வேணாம். நான் ஜீப்புக்கு விழுப்புரத்துல டேங்க் ஃபுல் பண்ணிட்டு வளவனூர் போய்க்கினு இருக்கறேன். அங்க ஒருத்தன் புதுச்சேரி டீசல் எறக்கி வச்சிருக்கறான். புதுச்சேரி வெலையவிடக் கொறைச்சித் தர்றான். நானே கொண்டாறேன்."

"மழை வருதுன்றாங்க மொதலாளி. இப்பவே ஊத்தினா ஆரம்பிச்சிடலாம்."

"மழை எங்கயும் போவாது. இரு."

மழையைப் பற்றி அவர் சொன்னது சரிதான். அது எங்கேயும் போகவில்லை.

அவர் வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அஞ்சலை வரப்பில் உட்காரவே இல்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏழுமலண்ணா, இது என்னா மெஷினா, கோயில் தேரா? ஊரே சேந்து இழுத்தாத்தான் நவுருமா?" என்று கேட்டார். அறுவடை பார்க்க வந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

ஜீப் வந்து ரோட்டோரம் நின்றது. பின்னால் கேன்கள். நான் ஒரு கேனின் மூடியைத் திறந்தேன். டீசல் வாடை தெரியாத ஆள் உண்டா? அதற்கு மேலே இன்னொரு வாடை, ரேஷன் கடை வரிசையில் அடிக்குமே, அது. நிறமும் ஒரு தினுசான பச்சை. மஞ்சளில் நீலம் விழுந்தால் பச்சை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

"மொதலாளி, இதுல கிருஷ்ணாயில் கலந்திருக்குதுங்க."

"புதுச்சேரி டீசல்டா அது."

"கலரு பச்சையா இருக்குதே."

"அந்த ஊரு டீசல் கலரு அப்பிடித்தான்."

இவ்வளவு நாள் புதுச்சேரிக்குப் போய் வந்தும் இந்த விவரம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பழனி மட்டும் மெதுவாகச் சொன்னான்: "இது ஏற்கெனவே தேஞ்ச பம்ப்பு. எண்ணெ தண்ணியாட்டம் இருந்தா சூடேறி நின்னுபோயிரும்ணே." முதலாளி அவனைப் பார்த்தார். "மெஷின் யாருதுடா?" என்றார். பழனி ஊற்றினான்.

மெஷின் கிளம்பியது. நன்றாகவே அறுத்தது. முதலாளி என்னைப் பார்த்து, "இப்ப எங்கடா கிருஷ்ணாயிலு?" என்றார். ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்றின் பாதியில், சாய்ந்த கதிர் இருந்த இடத்தில் இன்ஜின் திணறியது. இருமியது. நின்றது.

பழனி குதித்து இறங்கி, சாக்கை வாய்க்காலில் நனைத்து டீசல் பம்ப்பின் மேல் போட்டான். ஆவி பறந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது. ஒரு பத்தடி போயிருக்கும். மறுபடி நின்றது. மறுபடி ஈரச் சாக்கு. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு நெற்றியில் துணி போடுகிற மாதிரி, அவன் போட, அது நிற்க. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று திரும்பிவிட்டது.

நான் காணை பங்க்குக்குப் போன் போட்டேன். அங்கிருந்த பையன், "ஸ்டாக் காலிண்ணா. மழை வருதுன்னு எல்லா மெஷின்காரங்களும் காலையிலயே பிடிச்சிக்கினு போயிட்டாங்க" என்றான். நான் கேனைக் கட்டிய அதே காலையில்தான். விழுப்புரம் போய் வாங்கிவர வேண்டுமென்றால், போய்த் திரும்பும்போது படகுதான் வேண்டும்.

முதலாளி தள்ளி நின்று வளவனூர்க்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவன் எடுக்கவில்லை. நல்ல வியாபாரி, மழைக்கு முன்னாலேயே ஒதுங்கிவிட்டான்.

அஞ்சலை என்னிடம் வந்தார். இப்போது கேலி இல்லை. "அண்ணா, இது போச்சின்னா நான் மறுபடி அடுத்தவங்க வயலுக்கே நடவுக்குப் போவணும். போறதுல ஒண்ணும் இல்ல, போயிருக்கறேன். இந்த வரப்புல நின்னு இன்னொருத்தரு பயிரப் பாக்கணுமே" என்றார். அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கி, சாய்ந்த கதிரைக் கையாலேயே அறுக்க ஆரம்பித்தார். இரண்டு ஏக்கரை. மற்ற பெண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். மெஷின் நின்றுவிட்டால் எல்லாரும் மெஷினையே பார்ப்பார்கள். ஓட்டுகிறவன் பம்ப்பைப் பார்ப்பான், முதலாளி போனைப் பார்ப்பார். அந்த நேரத்தில் வயலைச் சுற்றி வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். நான் ரொம்ப யோசித்தெல்லாம் பார்க்கவில்லை. பயத்தில் கண் போன இடமெல்லாம் பார்த்தேன். ரோட்டோரத்தில் ஜீப் நின்றது. காலையில் விழுப்புரத்தில் டேங்க் நிரப்பிய ஜீப். அந்த ஜீப்புக்கு மட்டும் முதலாளி புதுச்சேரியிலும் பிடிக்க மாட்டார், வளவனூரிலும் பிடிக்க மாட்டார். விழுப்புரத்தில் ஒரே பங்க், ஒரே பம்ப். பிள்ளை மாதிரி வளர்த்தார்.

சண்டை போட்டிருந்தால் அவர் சாவியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். நான் சண்டை போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, மிகவும் மரியாதையாகக் கேட்டேன்.

"மொதலாளி, கேன்ல இருக்கறது புதுச்சேரி டீசல்தானுங்களே?"

"எத்தினி வாட்டிடா சொல்றது."

"தப்பா கேக்கலிங்க. நம்ம மெஷின் கெழட்டு மெஷின். அதுக்கு வெளியூரு டீசல் ஒத்துக்கல போலருக்குது. ஜீப்பு நல்ல வண்டி, எது ஊத்தினாலும் ஓடும். ஜீப்புல இருக்கற விழுப்புரம் டீசல மெஷினுக்கு மாத்திட்டு, கேன்ல இருக்கறத ஜீப்புல ஊத்திடலாம். லிட்டருக்கு லிட்டரு. உங்களுக்கு நஷ்டம் இல்ல."

அறுத்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. பழனி சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"ஜீப்பு வேற, மெஷினு வேற" என்றார் முதலாளி.

"எண்ணெ ஒண்ணுதானே மொதலாளி" என்றார் அஞ்சலை, வயலுக்குள்ளிருந்து. "நீங்கதானே சொன்னீங்க, அந்த ஊரு கலரு அப்பிடித்தான்னு. ஜீப்பு கலர் பாத்தா குடிக்கப்போவுது?"

ஒரு பெண் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கேனில் மண்ணெண்ணெய் என்று ஊர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். வானத்தில் மேகம்தான் இருந்தது. சாவியை என் காலடியில் எறிந்தார்.

"எடுத்துத் தொலைங்க. ஆனா கேன்ல இருக்கறத ஜீப்புல ஊத்தாத."

"ஏன் மொதலாளி?" என்றார் அஞ்சலை.

"ஜீப்புக்கு இப்ப வேணாம்" என்றார். ஜீப்புக்குப் பசி இல்லை போலிருக்கிறது.

பழைய மாடல் ஜீப் என்பதால் டேங்குக்கு அடியில் எண்ணெய் வடிக்க நட்டு இருந்தது. பழனி ஸ்பேனரோடு கீழே படுத்தான். அதற்குள் நான் மெஷின் டேங்கில் இருந்ததை வடித்தேன். அவசரத்தில் கேனைச் சரியாக வைப்பதற்குள் முதலில் பீறிட்டதில் ஒரு பங்கு வயல் மூலையில் கொட்டிவிட்டது. பிறகு ஜீப் டீசலைக் காலையில் நான் கட்டிய காலிக் கேனில் பிடித்து, துணியில் வடிகட்டி ஊற்றி, குழாயில் நின்ற காற்றைப் பழனி எடுத்துவிட்டான். முதல் தடவை சாவி திருப்பியபோது உறுமிவிட்டு அணைந்தது. அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. அறுத்த நெல்லை, அதற்குள் வந்து சேர்ந்த வாடகை டிராக்டரின் டிப்பரில் கொட்டக் கொட்ட, பெண்கள் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். கடைசிப் பட்டையை அறுக்கும்போது தூறல் விழுந்தது. மெஷின் மேட்டில் ஏறியபோது மழை கொட்டியது. டிப்பர் மேல் தார்ப்பாய் இறுகக் கட்டியாகிவிட்டது. அஞ்சலை டிராக்டரின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு, நனைந்தபடியே கையைத் தார்ப்பாய்க்குள் விட்டு நெல்லைத் தொட்டுப் பார்த்தார். "காஞ்சிருக்குது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

முதலாளி? ஜீப்பில் டீசல் இல்லையே. அந்த டிராக்டரில்தான் காணை வரைக்கும் வந்தார். பறந்துகொண்டிருந்த தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும்படி அஞ்சலை சொன்னார். பிடித்துக்கொண்டார். அவரும் அறுவடைத் தொழிலில்தான் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது.

அஞ்சலை மறுநாளே குத்தகை நெல்லை அளந்துவிட்டார். வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனார். இன்றைக்கும் அந்த நிலத்தில் அஞ்சலைதான் பயிர் வைக்கிறார். தேன்மொழி, அவர் போன் செய்தால் "லைன்ல இருங்க" என்று சொல்லாதே.

மறுநாள் எனக்கும் போன் வந்தது. "ஏழுமல, ஒனக்கு ரொம்ப அலைச்சல். கொஞ்ச நாள் வூட்டுல ரெஸ்ட் எடு" என்றார் முதலாளி. எவ்வளவு அக்கறை. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. உங்கள் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் பழனியும் அந்த மெஷினை விட்டு வந்தான். நாங்கள் வெளியூர் மெஷின்களை வரவழைத்து வேலை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தோம். நீங்கள் இப்போது நடத்துகிற தொழில் அப்படித்தான் வந்தது. எனக்கு ஏதோ பெரிய திட்டம் இருந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

புதுச்சேரியில் பிடிக்கக் கூடாதா என்று கேட்பாய், பிரகாஷ். போகிற வழியில் இருந்தால் பிடி. அதுவும் நல்ல டீசல்தான், பாவம், அந்த ஊர் மேல் பழியைப் போட்டவர் முதலாளிதான். ஆனால் வயலில் ஒருத்தர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மூணு ரூபாயைத் தேடிப் போகாதே. அந்த மூணு ரூபாய் உன் கணக்கில் மிச்சம். அவர் கணக்கில் என்ன ஆகும் என்று போகும் முன்னால் ஒரு தடவை கேட்டுக்கொள். "டீசல் மாதிரி" என்று விற்பவனிடம் ஒன்றே ஒன்று கேள், தேன்மொழி: உங்கள் சொந்த வண்டியில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று. பதில் வர நேரமானால் போனை வைத்துவிடு. அதற்கு மேல் எனக்குப் பரிசோதனை எதுவும் தெரியாது.

மழை விட்டதும், வேலை போன அன்றைக்கு அடுத்த நாளோ என்னவோ, நான் ஒரு மண்வெட்டியும் பழைய உரச் சாக்கும் எடுத்துக்கொண்டு காணைக்குப் போனேன். வயலில் யாரும் இல்லை. அஞ்சலை நெல் காயவைக்கப் போயிருந்தார். அவசரத்தில் நான் எண்ணெயைக் கொட்டிய மூலையில் தண்ணீர் தேங்கி, மேலே வண்ண வண்ணமாகப் படலம் மிதந்தது. தண்ணீரை வயலுக்குள் போகவிடாமல் மண் அணைத்து, சாக்கில் தோய்த்துத் தோய்த்து எடுத்தேன். பிறகு அந்த இடத்து மண்ணைச் சுரண்டிச் சாக்கில் அள்ளினேன். ஒரு கை மண்ணை எடுத்து மோந்து பார்த்தேன். வாடை இருந்தது. இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சுரண்டினேன். மறுபடி மோந்தேன். வெறும் சேற்று வாடைதான் வந்தது. வாய்க்கால் கரையிலிருந்து நல்ல மண்ணாக வெட்டிவந்து பள்ளத்தை நிரப்பி, காலால் மிதித்துச் சமன் செய்தேன். சாக்கைக் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.